காஷ்மீரின் அக்ரூட் மரங்களினூடே

பீர் பஞ்சால் மலைத்தொடரைக் குடைந்து அமைக்கப்பட்ட, 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுடைய ரயில் சுரங்கம், ஜம்முப் பகுதியைச் சேர்ந்த பனிஹாலையும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் தென்வாயிலாகிய காசிகுண்டையும் 2013 முதல் இணைத்து வருகிறது. சுரங்கத்தின் இருள் முடிந்து ரயில் பள்ளத்தாக்கினுள் நுழைந்ததும் வேறு நிலத்திற்கு வந்துவிட்டதைப் பயணிகளுக்கு முதலில் அறிவிப்பவை மரங்களே. நெல்வயல்களின் ஓரத்தில் நெடிதுயர்ந்து நிற்பவை பாப்ளர் மரங்கள். வரிசை பிசகாமல், ஏறத்தாழ ஒரே உயரத்தில், கவாத்துச் செய்யப்பட்டு நிற்பவை ஆப்பிள் மரங்கள். இந்த ஒழுங்குகளில் எதற்கும் உட்படாமல், வீட்டு முற்றத்தில் ஒன்றும் வரப்பில் ஒன்றும் ஓடைக்கரையில் இரண்டுமாக, சாம்பல் நிறப் பட்டையும் அகன்ற தழையும் கொண்டு தனித்தனியே நிற்பவை அக்ரூட் மரங்கள். வால்நட் என்ற பெயரிலும் தமிழகக் கடைகளில் விற்கப்படும் இப்பருப்பில் இந்தியாவில் விளைவதன் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஜம்மு காஷ்மீரில்தான் விளைகிறது.

ஆப்பிளின் ஒழுங்குக்கும் அக்ரூட்டின் ஒழுங்கின்மைக்கும் உள்ள வேறுபாடு வெறும் நடவுமுறை பற்றியது அன்று. ஆப்பிள் தோட்டத்தில் நிற்கும் நூறு மரங்களும் ஒரு சில தாய்மரங்களின் குச்சிகளை வேர்ச்செடிகளின் மேல் ஒட்டுக்கட்டிப் பெற்றவை. ஆகவே ஒரு ரகத்தைச் சேர்ந்த மரங்கள் அனைத்தும், மரபணு நோக்கில், ஒரே மரத்தின் நகல்கள். காஷ்மீரில் பழைய அக்ரூட் மரங்கள் பெரும்பாலும் கொட்டையிலிருந்து முளைத்தவை. சில மனிதர் ஊன்றியவை. சில பறவைகள் போட்டுவிட்டுப் போனவை. கொட்டையிலிருந்து எழும் ஒவ்வொரு மரமும் தன் தாயிலிருந்தும் அருகில் நிற்கும் உடன்பிறப்பிலிருந்தும் வேறுபட்ட ஒரு தனி மரபுச் சேர்க்கை. ஆகவே அனந்த்நாகிலிருந்து குப்வாரா வரை பள்ளத்தாக்கை நெடுக்காகக் கடக்கும் பயணம், சற்றே கவனித்துப் பார்த்தால், ஒரே இனத்திற்குள் இயற்கையும் மனிதரும் சேர்ந்து உண்டாக்கிய வேற்றுமைகளின் ஊடே செல்லும் பயணமாக ஆகிவிடுகிறது.

அக்ரூட்டின் தாவரவியல் பெயர் ஜுக்லான்ஸ் ரீஜியா. இம்மரத்தில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியே, ஆனால் ஒரே மரத்தில் தோன்றுகின்றன. ஆண் பூக்கள் சென்ற ஆண்டின் கிளைகளிலிருந்து விரல் நீளப் பச்சைச் சரங்களாகத் தொங்குகின்றன; பெண் பூக்கள் புதுத்தளிரின் முனையில், இரண்டு மூன்றாக, மிகச் சிறியவையாக, தேடிப் பார்த்தாலன்றிக் கண்ணில் படாதவையாக அமைகின்றன. மகரந்தத்தைக் கொண்டு செல்வது காற்று. ஒரே மரத்தில் இருபால் பூக்களும் இருந்தாலும் தன்மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் நிகழாதபடி காலத்தின் வழியே ஒரு தடை அமைந்திருக்கிறது. சில மரங்களில் ஆண் பூக்கள் முதலில் மகரந்தத்தை உதிர்த்து முடித்த பிறகே பெண் பூக்கள் பக்குவமடைகின்றன. வேறு சில மரங்களில் இம்முறை தலைகீழாகிறது. ஒரு தோப்பில் இவ்விரு வகை மரங்களும் கலந்து நிற்கும்போது ஒன்றின் மகரந்தம் மற்றதன் சூல்முடிக்குச் சரியான நேரத்தில் சென்று சேர்கிறது. எந்த மரம் எந்த வகை என்பதை ஒரே ஒரு மரபணு இருப்பிடம் தீர்மானிக்கிறது என்பதும், பெண் முந்தும் தன்மையே ஓங்கு பண்பு என்பதும் கலப்புச் சோதனைகளால் முன்னரே தெரிந்திருந்தன. அந்த இருப்பிடத்தின் இரு வடிவங்களும் இந்த இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பல கோடி ஆண்டுகளாக, அக்ரூட் பேரினத்தில் அருகருகே நிலைத்து வந்திருக்கின்றன என்பதை அண்மைய டி.என்.ஏ. ஆய்வு காட்டியுள்ளது.

இந்த ஏற்பாட்டின் விளைவு வெளிப்படை. அயல்மகரந்தம் பெறும் மரத்தில் ஒவ்வொரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. அவை விதையில் பிரிந்து புதிதாகச் சேரும்போது பிள்ளைகள் தாயைப் போல் இருப்பதில்லை. தமிழகத்தில் இனிப்பான மாம்பழத்தின் கொட்டையை ஊன்றிப் பல ஆண்டுகள் காத்திருந்து புளிப்புப் பழம் பெற்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. மாவில் சில ரகங்கள் தாயை அப்படியே ஒத்த கன்றுகளையும் விதையிலிருந்து தருவதுண்டு. அக்ரூட்டில் அத்தகைய உறுதியை எதிர்பார்க்க இயலாது. மெல்லோட்டுக் கொட்டையை ஊன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்தவருக்குச் சுத்தியலாலும் எளிதில் உடையாத காய் கிடைக்கலாம்.

அனந்த்நாக் மாவட்டத்தில், வெரிநாக் ஊற்றிலிருந்து கோகர்நாக் செல்லும் மலையடிவாரச் சாலையில், செப்டம்பர் மாதத்தில் இந்த வேற்றுமையைக் கையிலெடுத்தே பார்க்க முடிகிறது. அறுவடைக் காலமாதலால் வீட்டு வாசல்களில் பச்சைத் தோல் உரித்த கொட்டைகள் குவிந்து கிடக்கின்றன; தோலின் சாறு ஏறி ஊராரின் கைகள் எல்லாம் கருமை படிந்திருக்கின்றன; இக்கறை சோப்புக்கு மசியாமல் வாரக்கணக்கில் நிற்கிறது. காஷ்மீரியர் அக்ரூட்டை டூன் என்கின்றனர். ஓட்டின் கனத்தைக் கொண்டு அதை மூவகையாகப் பிரிக்கின்றனர். விரலால் நெரித்தாலே உடையும் மெல்லோடு உடையது காகஸி, அதாவது காகிதம் போன்றது. ஓரளவு கனத்த ஓடு உடையது புர்ஸுல். கல்லால் தட்டினால் மட்டுமே திறப்பதும், உடைந்த பின்னும் பருப்பு ஓட்டின் மடிப்புகளுக்குள் சிக்கிக்கொண்டு துணுக்குகளாக மட்டுமே வெளிவருவதும் வொண்ட். 1895-ல் வெளியான ‘காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு’ என்ற நூலில், நிலவரித் தீர்வை அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் இவ்வகைப் பெயர்களைக் குறித்திருப்பதால், இப்பாகுபாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழக்கில் இருப்பது உறுதி.

இம்மூன்றையும் மூன்று ரகங்கள் என்று எழுதும் வழக்கம் வணிகர்களிடமும் சுற்றுலாக் கையேடுகளிலும் காணப்படுகிறது. அது பொருந்தாது. ரகம் என்பது ஒரு தாய்மரத்திலிருந்து ஒட்டு வழியாகவோ வேறு முறையிலோ மாறாமல் பெருக்கப்பட்டு, எங்கு நட்டாலும் அடையாளம் காணத்தக்க பண்புகளைக் கொண்டது. காகஸியோ, ஆயிரக்கணக்கான தனித்தனி மரங்களை ஒரே ஒரு பண்பின் அடிப்படையில் தொகுத்த வகுப்பு மட்டுமே. ஒரு காகஸி மரத்தின் கொட்டை முட்டை வடிவிலும் அடுத்த காகஸியின் கொட்டை ஏறத்தாழ உருண்டையாகவும் இருக்கலாம். ஒன்றின் பருப்பு வெளிறிய மஞ்சளாகவும் மற்றதன் பருப்பு பழுப்பாகவும் அமையலாம். ஒன்று ஆண்டுதோறும் காய்க்க, மற்றது ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கலாம். ஓட்டின் கனமும்கூட மூன்று படிகளில் நிற்பதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட கனம் வரை இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும் ஓர் அளவுகோலை மக்கள் தம் வசதிக்காக மூன்றாக வகுத்திருக்கின்றனர். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகள் யாவும் இவ்வாறு தொடர் அளவில்தான் வெளிப்படும் என்பது மரபியலின் பொதுவிதி.

மெல்லோடே சிறந்தது என்ற எண்ணமும் ஆய்வுக்குரியது. உடைத்து உண்பவருக்கு அது சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்ரூட்டின் ஓடு இரு பாதிகளாக அமைந்து ஒரு பொருத்தில் இணைகிறது. ஓடு மிக மெலியும்போது பல மரங்களில் இப்பொருத்தும் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த பொருத்தின் வழியே ஈரமும் பூசணமும் பூச்சியும் உள்ளே புகுகின்றன. மூட்டையில் ஏற்றி மலைச்சாலையில் கொண்டு செல்லும்போது கொட்டை வழியிலேயே உடைகிறது. கல்லோடு கொண்ட வொண்ட் இந்த இடர்களுக்கு எல்லாம் தப்பிவிடுகிறது; காட்டில் தானே முளைத்து வாழ வேண்டிய மரத்துக்குக் கனத்த ஓடு குறையன்று, காப்பு. மெல்லோட்டை விரும்பியவர் மனிதர். தலைமுறைதோறும் நல்ல மரத்தின் கொட்டையையே ஊன்றி அப்பண்பைப் பெருக்கியவரும் அவரே. இன்று நல்ல ரகம் ஒன்றைத் தேர்வு செய்யும் ஆய்வாளர், ஓடு எவ்வளவு மெல்லியது என்பதோடு நில்லாமல், அது மெலிந்திருந்தும் பொருத்து இறுகியிருக்கிறதா, இரு பாதிப் பருப்பும் உடையாமல் முழுதாக வெளிவருகிறதா, கொட்டையின் எடையில் பாதியளவேனும் பருப்பாக உள்ளதா என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்கிறார்.

பருப்பின் நிறம் சந்தையில் விலையைத் தீர்மானிக்கிறது. வெளிறிய பருப்புக்கு விலை அதிகம், கருத்ததற்குக் குறைவு. இந்நிறம் பருப்பைப் போர்த்திய மெல்லிய தோலுக்கு உரியது. அதில் மரபின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு கையாளும் முறைக்கும் உண்டு. பச்சைத் தோலை உரிக்கத் தாமதித்தாலும், மழையில் நனைந்த கொட்டையைக் காயவைக்க வழியில்லாமல் போனாலும் நல்ல மரத்தின் பருப்பும் கருத்துவிடும். காஷ்மீரத்து உழவர் தன் மரத்தின் மரபுக்காக மட்டுமன்றித் தன் ஊரில் உலர்த்தும் எந்திரம் இல்லாததற்காகவும் விலையை இழக்கிறார் என்பதை வேளாண் அறிக்கைகள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

ஸ்ரீநகரை நெருங்கும்போது நிலம் மாறுகிறது. பழங்காலத்தில் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த ஏரியின் படிவுகளால் ஆன, கரேவா எனப்படும் மேட்டுநிலங்கள் சாலையின் இருபுறமும் எழுகின்றன. பாம்போரின் குங்குமப்பூ வயல்கள் இத்தகைய மேட்டுநிலத்தில் அமைந்தவையே. பாசன வசதியற்ற இம்மேடுகளில்தான் காஷ்மீரின் மற்றொரு பருப்பு மரமான பாதாமும் நெடுங்காலமாகப் பயிராகி வந்தது. தமிழகக் கடற்கரை ஊர்களில் நாட்டு வாதாங்கொட்டை என்று பிள்ளைகள் உடைத்துத் தின்னும் மரம் இதனோடு எவ்வகையிலும் உறவற்றது. உண்மையான பாதாம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது, பீச் மரத்தின் நெருங்கிய சுற்றம். ஹரி பர்பத் குன்றின் அடிவாரத்தில் உள்ள பாதாம்வாரித் தோட்டத்தில் மார்ச் மாதத்தில், இலை துளிர்க்கும் முன்பே, வெண்மையும் வெளிர் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் கிளைகளை மூடிவிடுகின்றன. பாழடைந்து கிடந்த இத்தோட்டம் சீரமைக்கப்பட்டு 2008-ல் மீண்டும் திறக்கப்பட்டது. வசந்தத்தின் தொடக்கத்தைக் காண நகரத்தார் இங்குதான் கூடுகின்றனர்.

பாதாமின் வேற்றுமையில் குறிப்பிடத்தக்கது கசப்பு. காட்டு இனங்களின் பருப்பில் அமிக்டலின் என்ற சேர்மம் உள்ளது. மெல்லும்போது அது சிதைந்து சயனைடை வெளியிடுகிறது. இச்சேர்மத்தை உண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு புரதத்தில் நேர்ந்த திடீர் மாற்றமே இனிப்புப் பாதாமைத் தந்தது என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. இனிப்பு ஓங்கு பண்பு; எனவே இனிப்பான இரு மரங்கள் ஒவ்வொன்றும் கசப்பின் ஒரு பிரதியை மறைத்து வைத்திருந்தால், அவற்றின் கலப்பில் பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்று கசக்கும். விதையிலிருந்து வளர்ந்த பழைய தோட்டங்களில் இடையிடையே கசப்பு மரம் ஒன்று நிற்பதற்குக் காரணம் இதுவே. அக்ரூட்டைப் போலவே பாதாமும் அயல்மகரந்தத்தை நாடுவது. ஆனால் இங்கே தடை காலத்தில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. பெரும்பாலான ரகங்களில் தன் மகரந்தத்தைச் சூல்தண்டு இனம் கண்டு, அதன் குழலை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. இத்தாலியின் தென்பகுதியில் தோன்றிய தூவோனோ போன்ற சில ரகங்களே இதற்கு விலக்கு. ஷாலிமார், மக்தூம், வாரிஸ் என்று காஷ்மீரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பாதாம் ரகங்கள் உண்டு. எனினும் முன்கூட்டியே பூத்து வசந்தகாலப் பனிக்கு இரையாகும் இம்மரத்தை விட்டுக் கரேவா உழவர்கள் ஆப்பிளுக்கு மாறி வருகின்றனர். பாதாம் பரப்பு கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. வெட்டப்பட்ட மரங்களுள் பிந்திப் பூக்கும் மரம் எத்தனை இருந்தன என்பதை இனி அறிய வழியில்லை.

ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு அருகே, ரங்ரேத்தில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் மத்திய மிதவெப்பத் தோட்டக்கலை நிறுவனம் உள்ளது. பள்ளத்தாக்கெங்கும் கணக்கெடுத்து, சிறந்தவை என்று கண்ட விதைமரங்களிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து, இங்கு வளர்த்து ஒப்பிட்டு, சி.ஐ.டி.எச். அக்ரூட் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ரகங்களை இந்நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. ஹம்தான், சுலைமான் ஆகிய ரகங்களும் இவ்வாறே உள்ளூர் மரங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. இத்தகைய கணக்கெடுப்பில் ஆய்வாளர் கைக்கொள்வது 1994-ல் பன்னாட்டுத் தாவர மரபுவள நிறுவனம் வகுத்தளித்த விவரிப்புப் பட்டியல். இலை விரியும் நாள், ஆண் பூ முந்துகிறதா பெண் பூ முந்துகிறதா, கொட்டையின் வடிவம், ஓட்டின் மேற்பரப்பு, பொருத்தின் உறுதி, பருப்பு விகிதம், தோலின் நிறம் என ஒரு மரத்தைச் சொற்களாலும் எண்களாலும் முழுமையாக வரைந்துவிட அப்பட்டியல் முயல்கிறது.

அவற்றுள் இலை விரியும் நாளுக்கு மற்றவற்றை விடக் கூடுதல் கவனம் உரியது. ஒரே ஊரில், ஒரே மண்ணில் நிற்கும் விதைமரங்களுக்கிடையே இது மூன்று நான்கு வாரங்கள் வரை வேறுபடுவதுண்டு. முந்தித் துளிர்க்கும் மரத்தின் பெண் பூக்கள் ஏப்ரல் மாதப் பனியில் கருகுகின்றன. வசந்தகால மழையோடு வரும் பாக்டீரியாக் கருகல் நோயும் இளந்தளிரையே முதலில் தாக்குகிறது. பிந்தித் துளிர்க்கும் மரம் இவ்விரண்டுக்கும் தப்புகிறது. ஆனால் அதன் காய் பிந்தி முதிர்ந்து இலையுதிர்கால மழையில் சிக்கவும் கூடும். ஆக, இத்துளிர்ப்பு வேறுபாடு எந்த ஒரு மரத்துக்கும் முழு நன்மை தருவதன்று. ஊர் முழுமைக்கும்தான் அது காப்பீடு. எந்த ஆண்டில் எந்த வாரத்தில் பனி விழுந்தாலும் அதற்குத் தப்பிய சில மரங்கள் ஊரில் எஞ்சியிருக்கும்.

வெளிப்பண்புகளோடு டி.என்.ஏ.வையும் படிக்கும் முறை சென்ற கால் நூற்றாண்டில் வளர்ந்தது. டி.என்.ஏ.வில் ஒரு சில எழுத்துகளாலான சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல உண்டு. எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறுவதால், அத்தகைய இடங்கள் பத்துப் பதினைந்தை அளந்தாலே ஒரு மரத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடிகிறது. 2016-ல் அக்ரூட்டின் முழு மரபணுத்தொகுதி, சுமார் 60 கோடி எழுத்துகள் கொண்டது, வாசித்து வெளியிடப்பட்டது. அதன்பின் வந்த ஆய்வுகளுள் ஒன்று, 2019-ல், அமெரிக்கக் கருப்பு அக்ரூட்டின் முன்னோருக்கும் ஆசிய அக்ரூட் கிளையொன்றின் முன்னோருக்கும் ஏறத்தாழ 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த கலப்பில் இந்த இனமே தோன்றியது என்ற முடிவை முன்வைத்தது. ஆசியா முழுவதிலுமிருந்து மாதிரிகளைத் திரட்டிய வேறோர் ஆய்வு வரிசை, மலைகளால் பிரிக்கப்பட்ட தொலைதூரத் தோப்புகளுக்கிடையே எதிர்பாராத மரபு நெருக்கம் இருப்பதையும், அது பட்டுச்சாலை போன்ற பழைய வணிகப் பாதைகளைத் தழுவிச் செல்வதையும் காட்டியது. கனத்த கொட்டை காற்றில் பறப்பதில்லை. கெடாமல் நெடுநாள் இருக்கும் அதனை ஒட்டகத்திலும் கோவேறு கழுதையிலும் ஏற்றிச் சென்ற வணிகர், தாம் அறியாமலே, மரங்களின் உறவுமுறையையும் எழுதிச் சென்றிருக்கின்றனர்.

ரங்ரேத்தின் தோட்டத்தில் உள்ளூர் மரங்களோடு வெளிநாட்டு ரகங்களும் நிற்கின்றன. அவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது சேண்ட்லர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் யூஜீன் செர், ஹரால்ட் ஃபோர்டு ஆகியோரின் கலப்புப் பணியில் உருவாகி 1979-ல் வெளியிடப்பட்ட இந்த ரகம், இன்று கலிபோர்னியாவின் முதன்மை ரகமாகவும் சிலி நாட்டுத் தோட்டங்களின் ஆதாரமாகவும் விளங்குகிறது. அங்கிருந்து இறக்குமதியாகும் கொட்டைதான் இந்திய நகரங்களில் காஷ்மீரக் கொட்டையோடு போட்டியிடுகிறது. இதன் சிறப்பு கிளையின் அமைப்பில் இருக்கிறது. காஷ்மீரத்து மரங்களில் பெரும்பாலானவை கிளையின் நுனி மொட்டில் மட்டுமே காய்ப்பவை. ஆகவே நிறையக் காய்க்க வேண்டுமானால் மரம் மிகப் பெரிதாக வளர வேண்டும். சேண்ட்லரிலோ பக்க மொட்டுகளுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை காய்க்கின்றன. சிறிய மரமும் இளவயதிலேயே நிறையத் தருகிறது. விதைமரம் காய்ப்புக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுக்கும் இடத்தில் ஒட்டுமரம் நான்கைந்து ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பருப்பு வெளிறிய நிறம், கொட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி. வணிகர் கேட்கும் அனைத்தும் அதில் உள்ளன.

ஒட்டுக்கட்டும் முறை காஷ்மீரில் இவ்வளவு தாமதமாகப் பரவியதற்கு உழவரின் பழமைப் பற்றைக் காரணம் காட்டுவது நியாயமன்று. அக்ரூட்டின் வெட்டுவாயில் இரு மரங்களையும் இணைக்கும் திசு உருவாக ஏறத்தாழ 26, 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து வேண்டும். திறந்த வெளியில், காஷ்மீரத்து வசந்தத்தின் குளிரில், அது கிடைப்பதில்லை. நூறு ஒட்டுகளில் மிகச் சிலவே பிழைத்தன. பாலித்தீன் குடில்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி ஒட்டுக்கட்டும் நுட்பம் வந்த பின்னரே கன்றுகளைப் பெருமளவில் உற்பத்தி செய்ய முடிந்தது. நுட்பம் கைவந்த வேளையில் அதற்குள் எந்தத் தாய்மரத்தை வைப்பது என்ற கேள்வி எழுகிறது. விரைவில் கிடைப்பதும் உலகம் அறிந்ததும் சேண்ட்லர். ஆயினும் ஒரே நாளில் துளிர்த்து, ஒரே நாளில் பூத்து, ஒரே நோய்க்கு ஒரே வகையில் ஆட்படும் பத்தாயிரம் மரங்களுக்கு ஓர் இரவின் பனியே போதும். மேலும் சேண்ட்லரில் ஆண் பூ முந்துவதால், அதன் பெண் பூக்களுக்குப் பிந்தி மகரந்தம் தர ஃபிரான்க்வெட் போன்ற வேறொரு ரகத்தை இடையிடையே நட்டாக வேண்டும். வேற்றுமையை ஒழித்த தோட்டத்துக்கும் சிறிதளவு வேற்றுமை தேவைப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

பாரமுல்லாவைக் கடந்து வடக்கே குப்வாரா மாவட்டத்துக்குள் சென்றால், தேவதாரு சூழ்ந்த லோலாப் பள்ளத்தாக்கு வருகிறது. அக்ரூட்டுக்குப் பெயர் பெற்ற பகுதி இது. இருபது மீட்டருக்கும் மேல் உயர்ந்த மரங்கள் கூரைகளின் மேல் கிளை பரப்பி நிற்கின்றன. ஒரு மரத்தின் காயை மூன்று வீட்டினர் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கமும் உண்டு. பட்டையை உரித்துப் பல் துலக்க விற்கின்றனர். மரத்தை ஸ்ரீநகரின் செதுக்குத் தொழிலாளர் தேடி வாங்குகின்றனர். மகாசிவராத்திரியை ஹேரத் என்ற பெயரில் கொண்டாடும் காஷ்மீரப் பண்டிதர்கள் நீர் நிறைத்த குடத்தில் அக்ரூட்டை ஊறவைத்து வழிபட்டுப் பின் உறவினருக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். ஆனால் இந்த உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. அறுவடையின்போது ஆண்கள் நீண்ட கழியோடு மரத்தின் உச்சி வரை ஏறி, வழுக்கும் கிளையில் நின்றபடியே காயை அடித்து உதிர்க்கின்றனர். ஒவ்வொரு செப்டம்பரிலும் விழுந்து இறந்தவர், முதுகெலும்பு முறிந்தவர் பற்றிய செய்தி வருகிறது. குட்டையான ஒட்டுமரம் வேண்டும் என்று கேட்கும் உழவரிடம் பல்லுயிர் வளம் பற்றிப் பேசுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். பழைய மரங்கள் அழகானவை என்பதற்காக அவற்றில் ஏறி உயிரை விடும்படி யாரையும் கேட்க இயலாது.

எனவே ஒட்டுமரம் வேண்டுமா என்பதன்று கேள்வி. எந்த மரத்தின் ஒட்டு என்பதே கேள்வி. பக்க மொட்டில் காய்க்கும் மரங்களும், பிந்தித் துளிர்ப்பவையும், மெல்லோடும் இறுகிய பொருத்தும் ஒருங்கே அமைந்தவையும் இப்பள்ளத்தாக்கின் விதைமரங்களுக்குள்ளேயே, அரிதாகவேனும், இருக்கின்றன. கணக்கெடுப்புகள் அவற்றைக் கண்டுபிடித்தும் இருக்கின்றன. அவற்றை வேண்டிய அளவில் பெருக்கி உழவரிடம் சேர்ப்பதில்தான் வேகம் போதவில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமதியின்றி அக்ரூட் மரத்தை வெட்டத் தடை விதிக்கிறது. அச்சட்டம் மரத்தைக் காக்கிறது. மரம் முதுமையில் தானே சாயும்போது அதன் மரபும் சேர்ந்து மறைவதை அதனால் தடுக்க முடியாது. கொட்டையைச் சேமித்து வைப்பதும் தீர்வாகாது; கொட்டையிலிருந்து எழுவது வேறொரு மரமே. அக்ரூட்டின் மரபு வங்கி உயிருள்ள தோட்டமாகத்தான் இருக்க முடியும். மரத்துக்கு மரம் பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் நூறு மரங்களே நிற்கும். எந்த நிறுவனமும் பள்ளத்தாக்கின் மரங்கள் அனைத்தையும் தன் வேலிக்குள் கொண்டுவந்துவிட முடியாது என்பதால், எதைக் காப்பது என்பதைத் தேர்ந்தே ஆக வேண்டும். அத்தேர்வுக்கு ஒவ்வொரு மரத்தையும் ஆண்டுதோறும் பார்த்து வரும் ஊராரின் சொல்லே முதல் சான்று.

மரத்தை வெட்ட அனுமதி கோரும் விண்ணப்பம் இப்போதும் அரசு அலுவலகத்தின் வழியாகவே செல்கிறது. விண்ணப்பம் வந்த மரத்தின் காயையும் ஓட்டையும் துளிர்க்கும் காலத்தையும் பற்றி உரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதும், தரமுள்ளதாகத் தெரிந்தால் மரம் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்தில் அதிலிருந்து ஒட்டுக்குச்சி வெட்டி அருகிலுள்ள நாற்றங்காலுக்கு அனுப்புவதும் அதே நடைமுறையில் சேர்க்கப்பட வேண்டும்; இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.